ஹாலோவீன் இரவுக்கு எந்தத் தட்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பாதி தாண்டியதும் நண்பர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி, "இந்த வருஷம் நான் என்ன கொண்டு வரட்டும்?" என்பதுதான். டொரொன்டோவில் எங்கள் வீட்டில் ஹாலோவீனை ஒட்டி ஒரு மாலை, ஆளுக்கொரு இசைத்தட்டோ பாட்டோ கொண்டுவந்து எல்லோருமாக உட்கார்ந்து கேட்பது வழக்கம். புதிதாக வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். வேறு ஊரில் இப்படி ஒரு இரவை நடத்த நினைப்பவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

ஹாலோவீன் என்றால் பேய்ப் பாட்டுதானே? நடுவில் இலையுதிர்காலம் எங்கே வந்தது?

இலையுதிர்காலம்தான் முதலில் வந்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் சௌவின் என்ற விழா இருந்தது. அந்த இரவில் இறந்தவர்கள் இந்தப் பக்கம் வந்துபோவார்கள் என்று நம்பினார்கள். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவரின் திருநாள். அதற்கு முந்தைய இரவு ஹாலோவீன். மறுநாள் நவம்பர் 2, நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள். 19-ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி அமெரிக்கா போன ஐரிஷ்காரர்கள் தங்கள் வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் அங்கே பூசணிக்கு மாறினார்கள்.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேய்ப் பாட்டு மட்டும் போட்டால் ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும். அவற்றில் பாதி, ஒரே ஒரு நகைச்சுவையை வைத்துக்கொண்டு மூன்று நிமிஷம் ஓட்டுபவை. முன்னிரவுக்குப் பேய், பின்னிரவுக்கு இலை என்று பிரித்துக்கொண்டால் இரவு தாங்கும்.

பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு ஓடும் நேரத்தில் எதைப் போடலாம்?

'மான்ஸ்டர் மாஷ்'. இதில் விவாதமே வேண்டாம். 1962-இல் பாபி பிக்கெட் என்பவர் பாடியது. நடிகராக வேண்டும் என்று வந்தவர். ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் பூதமாக நடித்த போரிஸ் கார்லோஃபின் குரலை அப்படியே செய்து காட்டுவார். அதைக் கேட்டுச் சிரித்த கூட்டத்தைப் பார்த்துத்தான், இதையே ஒரு பாட்டாக்கலாம் என்ற யோசனை வந்தது. அந்த வருஷம் அக்டோபர் 20 அன்று அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போய்விட்டது. பிரிட்டனில் பிபிசி, "ரொம்பவும் மரண வாடை அடிக்கிறது" என்கிற மாதிரி காரணம் சொல்லி ஒலிபரப்ப மறுத்தது. 1973-இல் மறுபடி வெளியிட்டபோது அதே பிரிட்டனில் மூன்றாமிடம்.

பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டை வெறுமனே போட்டுவிடாதீர்கள். அதில் வரும் சத்தங்களை எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். சவப்பெட்டி மூடி கிறீச்சிடுவது, மரப்பலகையிலிருந்து துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கும் சத்தம். கொப்பரை கொதிப்பது, ஒரு தம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை விட்டு ஊதியது. சங்கிலி, தரையில் போட்ட சங்கிலியேதான். இதைச் சொன்ன அடுத்த நிமிஷம் சமையலறையில் எல்லாத் தம்ளரும் காணாமல் போகும். அதற்கு நான் பொறுப்பில்லை.

பழைய கடைகளில் கிடைக்கும் பயங்கர ஒலித் தட்டுகள் வாங்கத் தக்கவையா?

ஒன்று மட்டும் வாங்குங்கள். டிஸ்னிலேண்ட் நிறுவனம் 1964-இல் வெளியிட்ட பேய்வீட்டு ஒலித் தட்டு. முதல் பக்கத்தில் லாரா ஓல்ஷர் என்ற நடிகை, "இப்போது நீங்கள் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போகிறீர்கள்" என்கிற பாணியில் குட்டிக் கதைகள் சொல்கிறார். இரண்டாவது பக்கம் முழுக்க வெறும் சத்தங்கள்: இடி, பூனைச் சண்டை, உடையும் பாலம், ஊளை. வட அமெரிக்காவில் பல வீடுகளில் அக்டோபர் கடைசி நாள் ஜன்னலைத் திறந்துவைத்து, மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளுக்காக இதைத்தான் ஓடவிட்டார்கள். அதனாலேயே நிறைய வீடுகளில் கிடந்து, இன்றும் பழைய தட்டுக் கடைகளில் தென்படுகிறது. கீறல் இருந்தாலும் கவலைப்படாதீர்கள், இந்த ஒரு தட்டுக்கு மட்டும் கீறலும் பொருந்தும்.

மற்றவை பெரும்பாலும் இதன் நகல்கள்.

'திரில்லர்' போடக்கூடாது என்று சொல்கிறீர்களாமே?

யார் சொன்னது? போடலாம், ஒரே ஒரு தடவை. இதைப் பத்து பேர் கொண்டுவருவார்கள் என்பதுதான் பிரச்சினை. மைக்கேல் ஜாக்சனின் அந்தத் தொகுப்பு 1982 நவம்பர் கடைசியில், அதாவது ஹாலோவீன் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. பாட்டை எழுதிய ராட் டெம்பர்டன் முதலில் அதற்கு 'ஸ்டார்லைட்' என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயரிலேயே விட்டிருந்தால் அது இன்னொரு காதல் பாட்டாகப் போயிருக்கும். பேய்ப்பட நடிகர் வின்சென்ட் பிரைஸின் பேச்சுக்கும் கடைசிச் சிரிப்புக்கும் அதில் என்ன வேலை? கேட்கும்போது பிரைஸை விட்டுவிட்டு, அடியில் தாழ்ந்த ஸ்வரங்களில் ஓடும் பேஸ் வரியைக் கவனியுங்கள். பாட்டைத் தூக்கி நடப்பது அதுதான்.

உண்மையிலேயே முதுகு சில்லிடும் தட்டு வேண்டும். எதைக் கொண்டு வரட்டும்?

இரண்டு சொல்கிறேன். இரண்டுக்கும் இடையில் சுமார் நூறு வருஷம், ஆனால் வேலை செய்யும் சூட்சுமம் ஒன்று.

முதலாவது, பிரெஞ்சுக்காரர் சான்-சான்ஸ் 1874-இல் எழுதிய 'தான்ஸ் மகாப்ர்'. நள்ளிரவில் மரணம் வயலின் வாசிக்க, எலும்புக்கூடுகள் எழுந்து ஆடும் கதை. ஆரம்பத்தில் ஹார்ப் ஒரே ஸ்வரத்தைப் பன்னிரண்டு முறை தட்டும், அது மணிக்கூண்டு. எலும்புகள் மோதும் சத்தத்துக்கு சைலஃபோன். இதற்கெல்லாம் மேலான தந்திரம் வயலினில் இருக்கிறது. தனி வயலின்காரர் தன் வாத்தியத்தின் மேல் தந்தியை அரை ஸ்வரம் இறக்கிக்கொண்டு வரவேண்டும் என்று சான்-சான்ஸ் குறித்திருக்கிறார். அதனால் பக்கத்துத் தந்தியும் இதுவும் சேர்ந்து ஒலிக்கும்போது, சரியாகச் சேர வேண்டிய இரண்டு ஸ்வரங்கள் சேராமல் முறைத்துக்கொண்டு நிற்கும். மரணம் வாத்தியத்தைச் சுருதி சேர்க்கும் லட்சணம் அது.

இரண்டாவது, பிளாக் சப்பாத் குழுவின் முதல் தட்டு. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை பார்த்து வெளியிட்டார்கள். மழை, தூரத்து மணி, அப்புறம் கிட்டார். கிட்டார் வாசிப்பது மூன்றே ஸ்வரம்: ஷட்ஜம் (ச), மேல் ஷட்ஜம், அடுத்து பிரதி மத்யமம் (இரண்டு 'ம'-வில் மேலே இருப்பது). அவ்வளவுதான். அந்த மூன்றாவது ஸ்வரத்தில் கை நடுங்குகிற மாதிரி ஒரு அசைவு. சான்-சான்ஸின் வயலின் தந்திகளுக்கு நடுவில் இருந்ததும் இதே இடைவெளிதான். ஐரோப்பிய இசைக்காரர்கள் அதைச் சாத்தானின் இடைவெளி என்றே அழைத்து வந்தார்கள்.

இதில் நமக்கு ஒரு வேடிக்கை. ஷட்ஜமும் பிரதி மத்யமமும் கல்யாணி ராகத்திலும் இருக்கின்றன, கல்யாணியைக் கேட்டு யாரும் பயந்து ஓடியதில்லை. அங்கே காந்தாரமும் பஞ்சமமும் இரண்டு பக்கமும் துணைக்கு நிற்கின்றன, ஆதாரச் சுருதியும் பின்னால் இருக்கிறது. பிளாக் சப்பாத் அந்தத் துணைகளையெல்லாம் எடுத்துவிட்டு, மத்யமத்தைத் தனியாக இருட்டில் நிறுத்திவிட்டார்கள். பயம் அந்தத் தனிமையிலிருந்து வருகிறது என்பது என் கருத்து. மேற்கத்திய இசை படித்த நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. வருஷா வருஷம் சண்டை போடுகிறோம்.

'ஹாலோவீன்' படத்தின் பியானோவைக் கேட்டாலே பதற்றமாக இருக்கிறது. ஏன்?

எண்ணிப் பாருங்கள், ஐந்து ஐந்தாகப் போகும். 1978-இல் படத்தை இயக்கிய ஜான் கார்ப்பென்டரே இசையும் அமைத்தார். சின்ன வயதில் அவருடைய அப்பா பாங்கோ மத்தளத்தில் ஐந்து எண்ணிக்கைத் தாளம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதையே பியானோவுக்கு மாற்றினார். நான்கில் நிற்கும் என்று காது எதிர்பார்க்கிறது, அங்கே நிற்காமல் இன்னொரு எட்டு வைக்கிறது. கண்ட சாபு தாளத்தில் ஊறியவர்களுக்கு ஐந்து ஒன்றும் புதிதில்லை, இருந்தாலும் அந்தப் பியானோவின் வேகமும் பிடிவாதமும் நம்மையும் விடுவதில்லை. இசை சேர்ப்பதற்கு முன் படத்தை ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக்காட்டியபோது அவர் துளியும் பயப்படவில்லை என்று கார்ப்பென்டரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் இசையால் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தாராம்.

இதே குடும்பத்தில் இன்னொன்று, மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்', 1973. 'தி எக்சார்சிஸ்ட்' படத்தில் அதன் தொடக்கத்தைச் சில விநாடிகள் பயன்படுத்தினார்கள், அன்றிலிருந்து அது பேய் இசை ஆகிவிட்டது. அங்கே கணக்கு பதினைந்து, ஏழும் எட்டுமாக. தாளம் எங்கே திரும்புகிறது என்று தெரிவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். ஆனால் ஒன்று, இந்தத் தட்டை முழுசாகக் கேட்டால் பயம் போய்விடும். ஒரு பக்கம் முடிவதற்குள் வாத்தியங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி, கல்யாண வீட்டுக் கச்சேரி மாதிரி களைகட்டிவிடும். பல வாத்தியங்களை வாசித்தவர் பத்தொன்பது வயதுப் பையன். வெர்ஜின் நிறுவனம் முதன்முதலில் வெளியிட்ட தட்டும் இதுதான்.

குரல் பயமுறுத்த வேண்டும், வாத்தியம் வேண்டாம். யார்?

ஸ்க்ரீமின் ஜே ஹாக்கின்ஸ், 'ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ', 1956. மென்மையான காதல் பாட்டாகத்தான் தொடங்கியது. பதிவின் அன்று தயாரிப்பாளர் சாப்பாடும் நிறைய மதுவும் வரவழைத்தார், எல்லோருக்கும் ஏறிவிட்டது. உறுமல், கேவல், சிரிப்பு என்று எல்லாம் பாட்டுக்குள் வந்துவிட்டன. என்ன பாடினோம் என்று தனக்கே நினைவில்லை, தட்டைக் கேட்டுத்தான் மறுபடி கற்றுக்கொண்டேன் என்று ஹாக்கின்ஸ் பின்னாளில் சொன்னார். பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. பிறகு மேடையில் சவப்பெட்டியிலிருந்து எழுந்து வந்து பாட ஆரம்பித்தார். அது வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடின் யோசனை.

இதைக் கேட்ட கையோடு நினா சிமோன் 1965-இல் பாடியதைப் போடுங்கள். அதே வரிகள். அவர் கத்துவதில்லை, நிதானமாகச் சொல்கிறார். எது அதிக ஆபத்தானது என்று கூட்டத்தைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு தடவையும் நினா ஜெயிக்கிறார்.

ஒன்பது நிமிஷப் பாட்டு ஒன்று கொண்டு வரலாமா? ஜனங்கள் தாங்குவார்களா?

பாவ்ஹவுஸ் குழுவின் 'பேலா லுகோசிஸ் டெட்' என்றால் தாராளமாக. 1979. பெயரில் இருப்பவர், 1931-இல் டிராகுலாவாக நடித்து, 1956-இல் இறந்து, அந்த அங்கியோடே புதைக்கப்பட்ட நடிகர். பாட்டில் சில நிமிஷத்துக்கு யாரும் பாடவே மாட்டார்கள். மத்தளத்தின் ஓரத் தட்டலும், மூன்று நான்கு ஸ்வரத்தில் இறங்கும் பேஸும், கீறிக்கொண்டு போகும் கிட்டாரும் மட்டும். விளக்கைக் குறைத்துவிட்டுப் போடுங்கள். பேசிக்கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்துவார்கள். நிறுத்தாவிட்டால் அடுத்த வருஷம் அழைக்காதீர்கள்.

மேற்கத்திய செவ்வியல் இசையில் பேய் உண்டா?

எக்கச்சக்கமாக உண்டு. ஆனால் ஒரே ஒன்று கொண்டுவர முடியும் என்றால் ஷூபர்ட்டின் 'எர்ல்கோனிக்' கொண்டு வாருங்கள். ஜெர்மன் கவிஞர் கேட்டே (Goethe) எழுதிய கவிதை; 1815-இல் ஷூபர்ட் இசையமைத்தபோது அவருக்கு 18 வயது. காய்ச்சலில் கிடக்கும் மகனை அணைத்தபடி அப்பா இரவில் குதிரையில் விரைகிறார். பையன் கண்ணுக்கு மட்டும் பூதராஜன் தெரிகிறான், "என்னோடு வா, விளையாடலாம்" என்கிறான். கதை சொல்பவர், அப்பா, மகன், பூதம் என்று நான்கு பேருக்கும் பாடுவது ஒரே பாடகர். பியானோவின் வலது கைதான் குதிரை. நான்கு நிமிஷம் ஒரே ஸ்வரத்தை அதிவேகமாகத் தட்டவேண்டும், வாசிப்பவருக்குக் கை விட்டுப்போகும்.

பையன் "அப்பா, அப்பா" என்று கூப்பிடும்போதெல்லாம் ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேல் ஸ்வரத்தில் கூப்பிடுவான். பூதராஜனோ பாட்டிலேயே இனிமையான மெட்டில் பாடுவான், கடைசியில் பொறுமை இழக்கும்வரை. ஜெர்மன் தெரியாவிட்டாலும் யார் பாடுவது என்று புரியும். டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ் பாடி ஜெரால்ட் மூர் வாசித்த பதிவு எங்கும் கிடைக்கும்.

தமிழ்ப் பாட்டு சேர்க்கலாமா? நம்மிடம் ஹாலோவீன் கிடையாதே.

ஹாலோவீன் கிடையாது, பேய் உண்டே! 1966-இல் வந்த 'யார் நீ' படத்தின் 'நானே வருவேன்' பாட்டைப் போடாமல் எங்கள் இரவு நடந்ததில்லை. கண்ணதாசன் வரிகள், பி. சுசீலாவின் குரல், வேதா இசை. இந்தியில் மதன் மோகன் போட்ட மெட்டுத்தான் அது. ஆனாலும் சுசீலாவின் குரலில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது தமிழ்ப் பேய். தமிழ் தெரியாத விருந்தாளிகளும் அதைக் கேட்டு அடங்கிப்போவார்கள்.

ஒரு வித்தியாசம் கவனித்திருக்கிறேன். ஆங்கிலப் பாட்டுகளில் பெரும்பாலும் மனிதர்கள் பேயைப் பற்றிப் பாடுகிறார்கள். நம் சினிமாவில் பேயே பாடும், அதுவும் சுருதி சுத்தமாக, மோகினி மாதிரி ஆளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு. அந்த வகையில் ஷூபர்ட்டின் பூதராஜன் நம்ம பக்கத்து ஆள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் புரியும்.

இசையே இல்லாத பேச்சுத் தட்டு?

ஆர்சன் வெல்ஸின் வானொலி நாடகம் இருக்கிறது. 1938 அக்டோபர் 30, ஹாலோவீனுக்கு முதல் நாள் இரவு. செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் நியூ ஜெர்சியில் இறங்கிவிட்டார்கள் என்று செய்தி அறிக்கை மாதிரியே நடித்தார்கள். நாடு முழுக்கப் பீதி என்று மறுநாள் பத்திரிகைகள் ஊதியது மிகை. கேட்டு நம்பிப் பதறியவர்கள் சிலர் இருந்தார்கள் என்பது உண்மை. ஒரு மணி நேரம் ஓடும் என்பதால் இதற்குத் தனி இரவு ஒதுக்குங்கள். நடன இசையைப் பாதியில் நிறுத்திச் செய்தி வரும் முதல் பகுதி மட்டும் போதும் என்றாலும் சரி.

பிள்ளைகள் தூங்கியாச்சு. இப்போது?

இப்போதுதான் நல்ல பகுதி ஆரம்பம். 'ஆட்டம் லீவ்ஸ்' கொண்டுவந்தவர் முதலில் வரட்டும்.

இந்த மெட்டை ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஜோசப் கோஸ்மா, 1945-இல் ஒரு பாலே நாட்டியத்துக்காகப் போட்டார். கவிஞர் ஜாக் ப்ரேவேர் வரிகள் எழுத, அடுத்த வருஷம் பிரெஞ்சுப் படம் ஒன்றில் வந்தது. அமெரிக்காவில் ஜானி மெர்சர் ஆங்கில வரிகள் எழுதினார். 1955-இல் ரோஜர் வில்லியம்ஸ் பியானோவில் இலை உதிர்வதைப் போல ஸ்வரங்களைக் கொட்டி வாசித்து முதலிடம் பிடித்தார். எனக்கு அது கொஞ்சம் சர்க்கரை அதிகம். மெட்டுக்குள்ளேயே இலை இருக்கிறது: நான்கு ஸ்வரம் கொண்ட ஒரு வாக்கியம், அப்புறம் அதே வாக்கியம் ஒரு படி கீழே, அப்புறம் இன்னும் ஒரு படி கீழே. யாரும் தனியாகக் கொட்டிக்காட்ட வேண்டியதில்லை.

நான் சிபாரிசு செய்வது 1958-இல் கேனன்பால் அடர்லியின் 'சம்திங் எல்ஸ்' தட்டில் வரும் பதிவு. சாக்சபோனுக்கு அடர்லி, ட்ரம்பெட்டுக்கு மைல்ஸ் டேவிஸ், பியானோ ஹாங்க் ஜோன்ஸ், பேஸ் சாம் ஜோன்ஸ், டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. ஏறக்குறைய பதினொரு நிமிஷம். தொடக்கத்தில் பேஸும் பியானோவும் ஏதோ துப்பறியும் படம் மாதிரி ஒரு கனத்த முன்னுரை போடும், அது கரைந்து போகும் இடத்தில் மைல்ஸ் வாய் மூடிய ட்ரம்பெட்டில் மெட்டை எடுப்பார். ஒரு ஸ்வரம் கூட அதிகம் கிடையாது. பின்னால் அடர்லி வந்து கொட்டோ கொட்டென்று கொட்டுவார். சிக்கனக்காரரும் தாராளக்காரரும் ஒரே மெட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். மார்ச் மாதத்தில் பதிவானது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

இதற்குப் பிறகு பில் எவான்ஸ் மூவர் குழு 1959 டிசம்பரில் பதிவு செய்ததையும் கேட்கலாம். அதில் பேஸ் வாசிக்கும் ஸ்காட் லஃபாரோ பக்கவாத்தியமாக இருக்க மறுத்து, பியானோவோடு வாக்குவாதம் செய்வார்.

ஜாஸ் எனக்கு ஒத்து வராது. இலையுதிர்காலத்துக்கு வேறு?

நிக் டிரேக். 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்', 1969. தலைப்பைப் பார்த்து மரத்து இலை என்று நினைக்க வேண்டாம், சிகரெட் சுற்றும் ரிஸ்லா காகிதக் கட்டில் இன்னும் ஐந்து தாள்தான் பாக்கி என்று எச்சரிக்கும் வாசகம் அது. அதில் 'ரிவர் மேன்' என்ற பாட்டு, மறுபடியும் ஐந்து எண்ணிக்கை. கார்ப்பென்டரின் பேய்ப் பியானோவும் இதுவும் ஒரே தாளக் கணக்கு என்றால் நம்ப மாட்டீர்கள். அங்கே துரத்தும் ஐந்து, இங்கே ஆற்றில் மிதக்கிறது. டிரேக் உயிரோடு இருந்தபோது தட்டுகள் விற்கவே இல்லை எனலாம். 1974 நவம்பரில் 26 வயதில் போய்விட்டார்.

இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாக வேண்டுமென்றால் நீல் யங்கின் 'ஹார்வெஸ்ட் மூன்', 1992. அதில் தாளத்துக்குத் துடைப்பத்தால் தரையைப் பெருக்கும் சத்தம் வரும், காதைத் தீட்டிக் கேளுங்கள். வேன் மாரிசனின் 'மூன்டான்ஸ்' அக்டோபர் வானத்தைப் பெயர் சொல்லிப் பாடும், ஆடவும் செய்யலாம். விவால்டியின் 'இலையுதிர்காலம்' கொண்டுவருபவர்கள் முதல் பகுதியோடு நிறுத்திவிடாதீர்கள். அறுவடைக் கொண்டாட்டத்தில் குடித்துவிட்டு எல்லோரும் தூங்கிப்போகும் இரண்டாவது பகுதிதான் அதில் விசேஷம்.

எர்த், விண்ட் அண்ட் ஃபயரின் 'செப்டம்பர்'?

அது செப்டம்பர்.

என்னிடம் தட்டு இல்லை, போனில்தான் கேட்பேன். வரலாமா?

வாருங்கள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான். அடுத்த பாட்டு தானாக ஓடும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். நினா சிமோன் முடிந்த நொடியில் ஏதோ ஒரு விளம்பரம் வந்து விழுந்தால் இரவே கெட்டுப்போகும்.

எத்தனை தட்டு, எந்த வரிசை?

எல்.பி. தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிஷம் சொச்சம், சின்னத் தட்டு என்றால் மூன்று நான்கு நிமிஷம். மூன்று மணி நேர இரவுக்கு, பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் இடம் விட்டால், நான்கைந்து முழுப் பக்கங்களும் ஏழெட்டுத் தனிப் பாட்டுகளும் தாராளம். வேடிக்கைப் பாட்டுகள் முதலில், வெளிச்சம் இருக்கும்போது. அக்டோபர் கடைசியில் டொரொன்டோவில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறையும், லண்டனில் கடிகாரத்தைப் பின்தள்ளிவிடுவதால் அதற்கு வெகு முன்பே. கனமானவை சாப்பாட்டுக்கு முன். வயிறு நிறைந்த பிறகு பிளாக் சப்பாத்துக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். கடைசி ஒரு மணி நேரம் இலைகளுக்கு.

தட்டு கொண்டுவந்தவர் அதைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசலாம், போடுவதற்கு முன்னால். ஓடும்போது பேசக்கூடாது. "இதோ வருது பாரு, இந்த இடம்தான்" என்று தோளைத் தட்டுபவர்கள் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் உண்டு. நீங்கள்தான் அவரா என்று யோசித்துப் பாருங்கள்.

தட்டுக்கு ஏதாவது ஆகிவிடுமா?

மெழுகுவர்த்தி, பூசணி விளக்கு, ஹீட்டர் மூன்றுக்கும் எட்டத்தில் வைத்தால் ஒன்றும் ஆகாது. வினைல் சூட்டில் வளைந்துவிடும், வளைந்ததை நிமிர்த்துவது பெரும்பாடு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்து, தட்டில் நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும். போடுவதற்கு முன் கார்பன் இழைப் பிரஷ்ஷால் ஒரு சுற்றுத் துடைத்தால் பொரிகிற சத்தம் குறையும். ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் பிடிக்கவேண்டும்; மிட்டாய் தின்ற கையோடு வருபவர்களிடம் உறையை மட்டும் கொடுங்கள். இரவல் கொடுப்பது உங்கள் மனத்தெம்பைப் பொறுத்தது. நான் கொடுப்பேன், ஆனால் யாரிடம் என்று குறித்து வைத்துக்கொள்வேன்.

நவம்பர் பிறந்த பிறகும் இதையெல்லாம் கேட்கலாமா?

இலைப் பாட்டுகளைப் பனி விழும்வரை கேட்கலாம், அப்புறமும் கேட்கலாம். பேய்ப் பாட்டுகளுக்கும் உண்மையில் மாதக் கணக்கு கிடையாது. 'மான்ஸ்டர் மாஷ்' 1973-இல் அமெரிக்காவில் மறுபடி முதல் பத்துக்குள் வந்தது ஆகஸ்ட் வெயிலில். ரே பார்க்கரின் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' 1984-இல் முதலிடத்தில் இருந்ததும் ஆகஸ்டில்தான். எங்கள் வீட்டில் மட்டும் நவம்பர் 1 காலையோடு 'மான்ஸ்டர் மாஷ்' பெட்டிக்குள் போய்விட வேண்டும் என்று என் மனைவியின் உத்தரவு. நினா சிமோனுக்கு விலக்கு உண்டு.